இங்கிலாந்தில் முதல் கோடை: பிள்ளைகளோடு ஆறு வார விடுமுறை

ஜூலை மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் மூடும் இங்கிலாந்து அரசுப் பள்ளிகள் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் திறக்கும். லெஸ்டர் வட்டாரம் மட்டும் சில நாள் முந்திக்கொள்ளும். ஊரில் பெரிய லீவு விட்டால் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் கொண்டுபோய் விடலாம். தெருவில் நாலு பிள்ளைகள் சேர்ந்தாலே பொழுது போய்விடும். இங்கே அந்த ஆறு வாரத்தையும் நாள் நாளாக நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும். புதிதாக வந்த குடும்பங்கள் திணறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. மே மாதமே செய்ய வேண்டியதை ஜூலையில் செய்யப் போவது ஒன்று. இந்த நாட்டுக் கடலை நம்மூர்க் கடல்போல நினைத்துக்கொள்வது மற்றொன்று. முதலாவதில் பணம் போகும், இரண்டாவதில் உயிரே போகலாம். அதனால் கடலைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

மே மாதத்திலேயே முடிக்க வேண்டியவை

பள்ளியின் இணையதளத்தில் விடுமுறைத் தேதிகள் இருக்கும். அதில் ஆசிரியர் பயிற்சி நாட்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும் தேதி என்று போட்டிருப்பது பல இடங்களில் ஆசிரியர்களுக்கு மட்டும்தான். பிள்ளைகள் அதற்கு ஒருநாள் இரண்டுநாள் கழித்துத்தான் போக வேண்டும். கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் தவிப்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஆளுக்கு இரண்டு வாரம் மாறி மாறி லீவு எடுத்து, மீதி இரண்டு வாரத்துக்குப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஹாலிடே கிளப்பில் சேர்ப்பது பலருக்கும் ஒத்துவரும். கிளப்பில் பதிவதற்கு முன் நேரத்தைக் கேளுங்கள். பல கிளப்புகள் காலை 9 மணி முதல் மாலை 3:30 வரைதான். முழு வேலைநாளுக்கும் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். பிறகு அது பள்ளிகளையும் பிள்ளைப் பராமரிப்பு இடங்களையும் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் பதிவானதா என்று கேளுங்கள். பதிவான கிளப்புக்கு, பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்கு அரசு உதவும் டாக்ஸ் ஃப்ரீ சைல்டுகேர் கணக்கிலிருந்து கட்டலாம். நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும். வழக்கமாக ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு 500 பவுண்டு வரை கிடைக்கும். ஆனால் பெற்றோர் இருவர் விசாவிலும் அரசு நிதியுதவி பெற உரிமையில்லை என்ற நிபந்தனை இருந்தால் இது கிடைக்காது. புதிதாக வேலை விசாவில் வந்தவர்கள் இதை நம்பிக் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

வருமானம் குறைந்த குடும்பமாக இருந்து, பிள்ளைக்குப் பள்ளியில் இலவச மதிய உணவு கிடைக்கிறதென்றால், கோடையில் ஹாஃப் (HAF) என்ற அரசுத் திட்டத்தில் விளையாட்டும் சாப்பாடும் சேர்ந்த இலவச முகாம்கள் உண்டு. வழக்கமாக வாரத்தில் நாலு நாள், நாளுக்கு நாலு மணி நேரம், நாலு வாரம். பள்ளி அலுவலகத்தில் கேட்டால் பதிவு எண் தருவார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

விமான டிக்கெட் விலை ஜூலைக் கடைசியில் ஏறும் என்பதால் பள்ளி மூடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று தோன்றும். 2024 ஆகஸ்ட் முதல் உள்ள விதிப்படி, பத்துப் பள்ளி வாரங்களுக்குள் ஐந்து நாள் அனுமதியில்லாமல் வராவிட்டால் அபராதம் போடலாம். ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக 21 நாளில் கட்டினால் 80 பவுண்டு, தவறினால் 160. இரண்டு பிள்ளைகள் இருந்தால் குறைந்தது 320 பவுண்டு. டிக்கெட்டில் மிச்சமாவதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிள்ளையை வீட்டில் தனியாக விட இத்தனை வயது என்று இங்கிலாந்துச் சட்டத்தில் எண் கிடையாது. ஆபத்து வரும்படி விட்டால் குற்றம் என்று மட்டும் உண்டு. 12 வயதுக்குக் கீழே நீண்ட நேரம் தனியே விடக் கூடாது என்பது குழந்தைகள் நல அமைப்பான என்.எஸ்.பி.சி.சி.யின் அறிவுரை. நாமும் அதையே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம்

ஜூன் கடைசியில் லண்டனில் சூரியன் மறைவது இரவு 9:20க்கு. உதிப்பது காலை 4:45க்கு. வடக்கே நியூகாசில் பக்கம் போனால் இன்னும் நீளும். "இன்னும் பகல்தானே" என்று பிள்ளை படுக்க மறுத்தால் அது அடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒளி போகாமல் உடம்புக்கும் தூக்கம் வராது. ஒளி புகாத துணியில் செய்த பிளாக் அவுட் திரையைப் படுக்கையறைக்கு மட்டுமாவது மாட்டிவிடுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாது என்றால் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சு வளையம் வைத்த திரை கிடைக்கும். வளையத்தை லேசாக ஈரப்படுத்தி ஒட்டினால் பாதி ராத்திரியில் கழன்று விழாது. ஓரத்தில் கசியும் வெளிச்சம்தான் பிள்ளையைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடும். அதனால் ஜன்னல் அளவைவிட நாலு பக்கமும் ஒரு கை அகலம் கூடுதலாக வாங்குங்கள்.

இங்கே வீடுகள் குளிரை வெளியே நிறுத்தக் கட்டப்பட்டவை. சூடு உள்ளே வந்துவிட்டால் போகாது. மின்விசிறி கூரையில் இருக்காது, ஏசியும் அபூர்வம். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் 40ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. வெயில் அலை வரும் நாட்களில் காலை எட்டு மணிக்கே வெயில் படும் பக்கத்து ஜன்னலையும் திரையையும் மூடிவிட்டு, இருட்டியபின் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். பகலெல்லாம் ஜன்னலைத் திறந்துவைக்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கே வீட்டைச் சூளையாக்கிவிடும். நிற்கும் மின்விசிறியை மே மாதமே வாங்கிவிடுங்கள். வெயில் வந்தபின் கடையில் இருக்காது.

தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காற்றடைத்த தொட்டி வைத்தால் நாலைந்து குடம் சுடுநீர் கலந்துதான் இறக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் நடுக்கும். விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டால் உங்கள் பகுதியில் ஹோஸ் பைப் தடை அறிவித்திருந்தால் ஹோஸ் மாட்டி அந்தத் தொட்டியை நிரப்புவதும் தடைதான். வாளியில் மொண்டு ஊற்றலாம்.

கையில் எப்போதும் ஒரு பை

காலையில் 13 டிகிரி, மதியம் 24, நாலு மணிக்கு மழை. ஒரே நாளில் இது மூன்றும் வரும். மெல்லிய மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், தொப்பி, மாற்று சாக்ஸ், தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பையில் போட்டு மாட்டிவைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு சால்வை. நிழலில் உட்கார்ந்தால் ஜூலையிலும் அவர்களுக்குக் குளிரும்.

நம் நிறத்துக்கு சன் ஸ்கிரீன் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். கறுத்த தோலும் எரியும், எரிந்தது சிவப்பாகத் தெரியாததால் கவனிக்காமல் போவதுதான் நடக்கும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், யு.வி.ஏ. நாலு நட்சத்திரம் போட்டதாக வாங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவுங்கள். தண்ணீரிலிருந்து எழுந்து வந்தால் உடனே மறுபடி.

மே நடுவிலிருந்து ஜூலை வரை புல்லின் மகரந்தம் காற்றில் அதிகம். ஊரில் தும்மலே அறியாதவர்களுக்கும் இங்கே வந்த இரண்டாம் மூன்றாம் வருடத்தில் மூக்கொழுகலும் கண் அரிப்பும் தொடங்குவதுண்டு. பிள்ளைக்குத் தொடர்ந்து சளி என்று மருத்துவரிடம் ஓடுவதற்கு முன் மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டைக் கேளுங்கள். செடிரிசின், லோரடடின் மாத்திரையும் சிரப்பும் சீட்டு இல்லாமல் கிடைக்கும், பிள்ளையின் வயதைச் சொல்லி வாங்க வேண்டும். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் கொஞ்சம் வாசலின் தடவினால் மகரந்தம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மகரந்தம் அதிகமான நாளில் துணியை வெளியே காயப்போடாதீர்கள்.

காசில்லாமல் கழியும் வாரநாட்கள்

முதலில் நூலகம். ஒவ்வொரு கோடையும் நூலகங்களில் சம்மர் ரீடிங் சேலஞ்ச் நடக்கும். 1999இல் தொடங்கியது, பெரும்பாலும் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு. இலவசம். பிள்ளை புத்தகம் எடுத்து வாசித்துவிட்டு நூலகரிடம் போய்ச் சொன்னால் ஸ்டிக்கர் தருவார்கள். முடித்தால் சான்றிதழும் பெரும்பாலும் ஒரு பதக்கமும். ஆங்கிலம் இன்னும் நாவில் ஏறாத பிள்ளைக்கு அந்த நூலகரோடு பேசும் இரண்டு நிமிடம் பெரிய பயிற்சி. பெற்றோர் குறுக்கே புகுந்து பதில் சொல்லாமல் இருப்பது முக்கியம்.

அருங்காட்சியகங்களில் தேசிய அளவிலானவை நுழைவுக் கட்டணம் இல்லாதவை: லண்டனில் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயின்ஸ் மியூசியம், பிரிட்டிஷ் மியூசியம், யார்க்கில் ரயில்வே மியூசியம். சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் காசு. இலவசமே ஆனாலும் இணையத்தில் நேரம் போட்டு டிக்கெட் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சவுத் கென்சிங்டனில் மழைநாள் வரிசையில் ஒரு மணி நேரம் பிள்ளையோடு நிற்க வேண்டிவரும். வெயில் நாளில் போங்கள், மழை நாளில் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பூங்காக்களில் பார்க்ரன் என்ற ஓட்டம், 5 கிலோமீட்டர். ஞாயிறு காலை 9க்கு ஜூனியர் பார்க்ரன், 2 கிலோமீட்டர், 4 முதல் 14 வயது வரை. இரண்டுமே இலவசம். ஒருமுறை இணையத்தில் பதிந்து பார்கோடை எடுத்துக்கொண்டு போனால் போதும். பார்கோடு இல்லாவிட்டாலும் ஓடலாம், நேரம்தான் பதிவாகாது. ஓட முடியாதவர்கள் நடக்கலாம். அக்கம்பக்கத்தில் ஒருவரையும் தெரியாத குடும்பத்துக்கு நாலு முகம் பழக இதைவிட எளிய வழி குறைவு.

பூங்காவிலும் காட்டிலும் ஒரு செடியையும் ஒரு சிற்றுயிரையும் பிள்ளைக்குக் காட்டிக்கொடுங்கள். ஒன்று நெட்டில், நம்மூர்க் காஞ்சொறிபோலத் தொட்டால் எரியும். பாதை ஓரமெல்லாம் இருக்கும், அரைக்கால் சட்டை போட்ட பிள்ளைதான் முதலில் அகப்படும். மற்றொன்று உண்ணி. ரிச்மண்ட் பார்க், நியூ ஃபாரஸ்ட் போன்று மான் திரியும் இடங்களில் புல்லில் இருக்கும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, நெருப்புக்குச்சி வைப்பது எல்லாம் கூடாது. அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். கறுத்த தோலில் அந்த வட்டம் மங்கலாகத்தான் தெரியும்.

மான்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். படம் எடுக்க நெருங்க வேண்டாம்.

கட்டுச்சோறு

புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம் எல்லாமே வெளியே கொண்டுபோக ஏற்றவை. வடித்த சோற்றை மூடிவைத்துச் சூட்டோடு கட்டுவதுதான் பிழை. வெதுவெதுப்பில் சோற்றுக்கிருமி பெருகும், பிறகு சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அகலத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கிளம்பும்போது ஐஸ் கட்டிப் பையோடு சேர்த்து வைத்து, வெளியே எடுத்த நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

ஆகஸ்டில் குளவிகள் இனிப்பைத் தேடி வரும். ஜூஸ் டின்னுக்குள் புகுந்த குளவி தெரியாமல் பிள்ளை வாயில் வைத்துவிடும். மூடியும் உறிஞ்சு குழலும் உள்ள பாட்டிலில் ஊற்றிக் கொடுங்கள்.

வெளியே வாங்குவதில் இரண்டு விஷயம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவர்கள் மீன்-சிப்ஸ் கடையில் எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். யார்க்ஷயர் பக்கமும் வடக்கிலும் பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில்தான் உருளைக்கிழங்கையும் பொரிப்பார்கள். ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ பலவற்றில் ஜெலட்டின் இருக்கும், உறையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கடல்

2016 ஆகஸ்ட் 24 அன்று கிழக்கு சசெக்ஸில் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் லண்டனிலிருந்து வந்திருந்த ஐந்து இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். ஐவரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள். நல்ல வெயில், அலையில்லாத தட்டை மணல், ஊர்க் கூட்டம். பார்த்தவர்களுக்கு ஆபத்து என்றே தோன்றாத கடற்கரை அது. அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் இருக்கவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் கோடையில் நிறுத்தப்பட்டார்கள்.

மெரினாவிலோ காங்கேசன்துறையிலோ கடலில் இறங்கிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது ஏற்றவற்றம். நம் கரைகளில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டரோ அதற்குக் குறைவோதான். இங்கே பல மீட்டர். தட்டையான கடற்கரையில் வற்றும்போது கடல் அரை மைல், ஒரு மைல் தள்ளிப் போய்விடும். திரும்ப ஏறும்போது மணல்மேட்டுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் பள்ளம் முதலில் நிரம்பும். மேட்டில் முழங்கால் தண்ணீரில் நிற்பவர் கரைப்பக்கம் திரும்பினால் நடுவில் தலைக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் போவதற்கு முன் இதை வரிசையாகச் செய்யுங்கள்.

1. உயிர்காப்பாளர் உள்ள கடற்கரையாகத் தேர்ந்தெடுங்கள். கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. இணையதளத்தில் எந்தக் கரையில், எந்த மாதம், எத்தனை மணி வரை என்று இருக்கும். போர்ன்மத், பிராட்ஸ்டேர்ஸ் நல்ல மணல். பிரைட்டன் முழுக்கக் கூழாங்கல், கால்செருப்பு இல்லாமல் பிள்ளை நடக்காது. வெஸ்டன்-சூப்பர்-மேரில் வற்றத்தின்போது தெரியும் சேற்றில் இறங்கவே கூடாது, கால் புதைந்துவிடும்.

2. அந்த ஊரின் அன்றைய ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். தண்ணீர் ஒரே சீராக ஏறாது. முழு உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நாலிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. முதல் மணி நேரத்தில் மெதுவாகத்தானே வருகிறது என்று ஏமாறுவது இதனால்தான். மதியம் 2 மணிக்கு வற்றம் என்றால் 11 மணிக்குப் போய் விளையாடிவிட்டு, 2 மணிக்கெல்லாம் தூரத்து மணலிலிருந்து கரைப்பக்கம் வந்துவிடுங்கள்.

3. சிவப்பும் மஞ்சளும் மேலும் கீழுமாக உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கறுப்பு-வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அலைச்சறுக்குப் பலகைகளுக்கானது. முழுச் சிவப்பு என்றால் கணுக்கால்கூட நனைக்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் கரையிலிருந்து கடல்பக்கம் காற்று அடிக்கிறது என்று பொருள். காற்றடைத்த படகு, வளையம் எதையும் அன்று எடுக்காதீர்கள், பிள்ளையோடு சேர்த்து இழுத்துப் போய்விடும்.

4. ஆகஸ்டிலும் தென்கரையில் தண்ணீர் 17, 18 டிகிரிதான். ஓடிப்போய்க் குதித்தால் மூச்சு தானாக வாங்கும், அந்த மூச்சில் தண்ணீர் உள்ளே போகும். கால், வயிறு, கழுத்து என்று மெதுவாக நனைந்து இறங்குங்கள். ஜீன்ஸ், சுடிதார், புடவை நனைந்தால் கனத்து இழுக்கும்.

5. இழுபட்டுப் போனால் எதிர்நீச்சல் போடாமல் மல்லாந்து, காது நனையும்படி தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு சீராகும்வரை மிதக்க வேண்டும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் போதும். பிறகு கையை உயர்த்திக் கூப்பிடலாம். இதை நீச்சல் குளத்தில் பிள்ளைக்கு முன்பே பழக்கிவையுங்கள்.

6. இன்னொருவர் தத்தளித்தால் பின்னால் இறங்காதீர்கள். 999ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டு (கடலோரக் காவல்) என்று கேளுங்கள். மிதக்கும் எதையாவது, மூடிய காலி பாட்டிலையாவது, அவரிடம் வீசுங்கள்.

ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 25 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும் என்பது இங்கிலாந்துப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நடு வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் தவறிப்போயிருக்கும். கவுன்சில் நீச்சல் குளத்தில் கோடையில் தினமும் நடக்கும் ஒரு வார வகுப்பில் சேர்ப்பது கடலுக்குப் போவதைவிட முந்தி நிற்க வேண்டிய செலவு. அப்பா அம்மாவும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

ரயிலில் போவதானால் ஃபேமிலி அண்டு ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்துவிடுங்கள். ஒரு அட்டையில் நாலு பெரியவர், 5 முதல் 15 வயதுள்ள நாலு பிள்ளைகள். பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைக்கு 60 சதவீதமும் குறையும். கூட ஒரு பிள்ளையாவது வர வேண்டும். 5 வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் வங்கி விடுமுறைகளிலும் தண்டவாள வேலைக்காக ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

நண்டு பிடித்துத் திரும்ப விடுவது

கடலில் இறங்காமலே பிள்ளைகளை அரைநாள் கட்டிப்போடும் விளையாட்டு இது. நார்ஃபோக்கில் குரோமர், வெல்ஸ், பிளேக்னி, வடக்கே விட்பி போன்ற ஊர்களில் படகுத்துறை ஓரம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். கடல் ஏறிக்கொண்டிருக்கும் நேரம்தான் சரி, வற்றிய துறையில் சேறு மட்டுமே இருக்கும்.

வேண்டியவை: தட்டையில் சுற்றிய நூல், கனத்துக்கு ஒரு கல், சின்ன வலைப்பை, உள்ளே தெரியும் வாளி, கைவலை. கொக்கி கூடாது, நண்டுக்கும் பிள்ளைக்கும் அது காயம்தான். வலைப்பைக்குள் பேக்கன் துண்டு போடுவது இங்கத்தியர் வழக்கம். வீட்டில் மீன் வெட்டியபோது மிஞ்சிய தலையும் குடலும் அதைவிட நன்றாகவே இழுக்கும்.

நூலை மெதுவாக விட்டால் கல் தரை தொட்டதும் தளரும். இரண்டு நிமிடம் அசைக்காமல் பிடித்திருக்கச் சொல்லுங்கள். நூலில் மெல்லிய கிள்ளல் தெரியும். அப்போது வெடுக்கென்று இழுத்தால் நண்டு விட்டுவிடும். கைமேல் கை வைத்து, தண்ணீர்க் குடத்தைக் கிணற்றிலிருந்து தூக்குவதுபோல நிதானமாக இழுக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தைத் தாண்டிக் காற்றுப் பட்டதும்தான் நண்டு பிடியை விடும். அந்த நொடிக்கு முன் இன்னொருவர் கைவலையைக் கீழே நீட்டிவிட வேண்டும்.

வாளியில் கடல்தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரில் நண்டு செத்துப்போகும். ஒரு கல்லும் கொஞ்சம் கடற்பாசியும் போட்டு நிழலில் வையுங்கள். ஒரு வாளிக்குப் பத்து நண்டுக்கு மேல் வேண்டாம். சண்டை போடும் பெரிய ஆணைத் தனியே எடுத்து விட்டுவிடுங்கள். மணிக்கு ஒருமுறையாவது தண்ணீரை மாற்றுங்கள். கையில் எடுப்பதானால் பின்புறமாக வந்து, ஓட்டின் இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தால் கொடுக்கு எட்டாது. முடிந்ததும் துறை மேலிருந்து கொட்டாமல், படியிறங்கித் தண்ணீர் ஓரத்தில் வாளியைச் சாய்த்து அவை தாமாக நடந்துபோக விட வேண்டும். பச்சைநிறக் குட்டி நண்டுகள் குழம்புக்கு ஆகாதவை, எடுத்துவர நினைக்க வேண்டாம். துறை விளிம்பில் நிற்கும் சின்னப் பிள்ளைக்கு மிதவைச் சட்டை போட்டுவிடுங்கள்.

பள்ளித் திருவிழாவும் தேரும்

ஜூன், ஜூலை சனிக்கிழமைகளில் பள்ளியிலும் தேவாலய மைதானத்திலும் சம்மர் ஃபேட் நடக்கும். சில்லறை எடுத்துப் போங்கள். டொம்போலா மேசையில் சீட்டு எடுத்தால் எண் 0 அல்லது 5இல் முடிந்தால்தான் பரிசு, மற்றவை வெறும் சீட்டு. கம்பத்தில் நிறுத்திய தேங்காயைப் பந்தெறிந்து வீழ்த்தும் விளையாட்டும் உண்டு. வீழ்த்தினால் தேங்காய் உங்களுக்கே.

உணவு மேசைக்கு வடை, சமோசா கொண்டுவரச் சொல்லிக் கேட்பார்கள், கட்டாயம் செய்துகொடுங்கள். பொருள்களின் பட்டியலை எழுதி ஒட்ட வேண்டும். இந்த நாட்டில் ஒவ்வாமைப் பொருள்கள் என்று அறிவித்துள்ள 14இல் கடுகும் எள்ளும் இருக்கின்றன. தாளித்த கடுகை எழுத நம்மவர்க்கு நினைவே வராது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதையும் எழுதுங்கள். நிலக்கடலை, முந்திரி சேர்க்காமல் செய்வது நல்லது, பல பள்ளிகள் அவற்றை உள்ளே விடுவதில்லை.

லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர் வழக்கமாக ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. தெருக்களை மூடிவிடுவார்கள், காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வெஸ்ட் ஈலிங் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து போங்கள். தேங்காய் உடைக்கும் இடத்தில் சிதறும் ஓடு காலைக் கிழிக்கும், குழந்தை வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போக வேண்டாம்.

கரி அடுப்பு

பார்பெக்யூவில் தோற்பது பொறுமையின்மையால்தான். கரியில் தீக்கொழுந்து அடங்கி மேலே வெள்ளைச் சாம்பல் படிய அரை மணிக்கு மேல் ஆகும், அதன்பின்தான் இறைச்சி. கோழிக்காலை வீட்டு ஓவனில் முழுதும் வேகவைத்துவிட்டு, கரியில் மணத்துக்கு மட்டும் பிரட்டுவது பாதுகாப்பு. பல பூங்காக்களில் கரி அடுப்பு தடை. அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ வீட்டுக்குள்ளோ, அணைந்தபின்னும்கூட, கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

பழம் பறிக்கும் காலம்

பணம் கொடுத்துப் பறிக்கும் தோட்டங்களில் ஸ்ட்ராபெர்ரி ஜூனிலும் ஜூலையிலும், ராஸ்பெர்ரி ஜூலையிலிருந்து. காம்பருகே வெள்ளையாக இருக்கும் ஸ்ட்ராபெர்ரி பறித்தபின் இனிக்காது, தோள்வரை சிவந்ததையே எடுக்கச் சொல்லுங்கள். காம்பை நகத்தால் கிள்ளிப் பறித்தால் பழம் நசுங்காது. எடைக்கு எடை காசு என்பதால் பிள்ளைகள் கூடையை நிரப்பும் வேகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

ஆகஸ்ட் நடுவில் பொதுப் பாதை ஓரத்து வேலிகளில் பிளாக்பெர்ரி பழுக்கும், வீட்டுக்குக் கொஞ்சம் பறித்துக்கொள்ளத் தடையில்லை. நாய்கள் நடக்கும் பாதை என்பதால் இடுப்பு உயரத்துக்கு மேலே உள்ளதை மட்டும் பறியுங்கள். முழுக்கைச் சட்டை, தடித்த கால்சட்டை வேண்டும், முள் கொக்கிபோல வளைந்திருக்கும். தொட்டதும் கையோடு வருவதே பழுத்தது, இழுத்தால்தான் வரும் என்றால் புளிக்கும். வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் உள்ளிருக்கும் புழு வெளியே வந்துவிடும். அலசி, துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பையில் கட்டிவைத்தால் பள்ளி திறந்தபின்னும் காலைக் கஞ்சியில் போட்டுக் கொடுக்கலாம்.